அடுத்த கார்டா, ஓவர்கிளாக்கா, இரட்டைக் கார்டா? பிசி பில்டிங் சிமுலேட்டரில் 419 புள்ளிக்கு ஒரு கணக்கு

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அக்கா மகன் படிவம் 4 படிக்கிறான். போன வாரம் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு அவனிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் கூடவே ஒரு குரல் செய்தியும் வந்தன. “மாமா, கஸ்டமர் 6,000 ஸ்கோர் கேக்குறாரு. எனக்கு 5,581தான் வருது. பட்ஜெட்ல 120 டாலர்தான் மிச்சம். பிராசசர மாத்தவா, ஓவர்கிளாக் பண்ணவா, இல்ல இன்னொரு கார்டு போடவா?” கார்டு என்று அவன் சொன்னது கிராபிக்ஸ் கார்டை. ஓவர்கிளாக் என்றால் ஒரு சிப்பை நிறுவனம் நிர்ணயித்த வேகத்துக்கும் மேல் ஓடவிடுவது.

அவன் ஆடுவது பிசி பில்டிங் சிமுலேட்டர் என்ற, கம்ப்யூட்டர் கூட்டும் வீடியோ ஆட்டத்தின் முதல் பாகம். 2019 ஜனவரியில் முழு வடிவில் வெளிவந்தது. அதன் கேரியர் மோடில் நமக்கு ஒரு சின்ன ரிப்பேர் கடை இருக்கும். வாடிக்கையாளர் மின்னஞ்சல் போடுவார், பட்ஜெட் சொல்வார், சில சமயம் 3டிமார்க் என்ற வேகச் சோதனையில் ஸ்கோர் இவ்வளவு வர வேண்டும் என்பார். அந்த ஸ்கோர் வேலைகளில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். என்னிடம் இதே கேள்வியைக் கேட்டவன் அவன் ஒருவன் மட்டும் இல்லை.

நான் பகலில் பினாங்கின் ஜோர்ஜ்டவுனில் நிஜமான ரிப்பேர் மேசையில் உட்கார்ந்திருப்பவன். மேசைக்கு வருகிறவர்களும் வேறு வார்த்தைகளில் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் ஆட்டத்துக்கான பதிலை முழுதாகச் சொல்லிவிட்டு, அது நிஜத்தில் எங்கே பொருந்தாது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு விஷயம் பார்ப்பேன். முதலாவது, கூடுதலாக வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு காசு போகிறது. இரண்டாவது, ஒரு பாகத்தை வாங்கினால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வேறு என்னென்ன செலவு வருகிறது. மூன்றாவது நேரம்: எத்தனை தடவை ரீஸ்டார்ட், பாகம் வந்து சேர எத்தனை நாள். ஆட்டத்திலும் கடை வாடகை கட்ட வேண்டும். பாகம் சீக்கிரம் வேண்டும் என்றால் அனுப்புக் கட்டணமும் கூடும். நான்காவது, வேலை முடிந்த பிறகு அந்த கம்ப்யூட்டர் எந்த நிலையில் ஆள் கைக்குப் போகிறது.

இதில் இரண்டாவதைத்தான் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். ஓவர்கிளாக் இலவசம் என்ற நினைப்பு அப்படி வருவதுதான்.

## முதலில் ஸ்கோர் எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும்

ஆட்டத்துக்குள் இருக்கும் 3டிமார்க், நிஜ 3டிமார்க்கின் டைம் ஸ்பை சோதனையைப் போலவே கணக்குப் போடுகிறது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி ஸ்கோர், பிராசசருக்குத் தனி ஸ்கோர். மொத்த ஸ்கோர் இப்படி:

1 ÷ (0.85 ÷ கிராபிக்ஸ் ஸ்கோர் + 0.15 ÷ பிராசசர் ஸ்கோர்)

இது சாதாரணக் கூட்டல் சராசரி இல்லை. எது பலவீனமாக இருக்கிறதோ அது மொத்தத்தையும் கீழே இழுக்கும். ஆனாலும் கிராபிக்ஸ் பக்கம்தான் கனம் அதிகம்.

அக்கா மகனின் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் 6,000, பிராசசர் 4,000. அதை அப்படியே வைத்து அவன் கேட்ட ஒவ்வொரு வழிக்கும் கணக்குப் போட்டேன்:

| என்ன செய்தால் | கிராபிக்ஸ் | பிராசசர் | மொத்தம் |
|---|---|---|---|
| எதையும் தொடாமல் | 6,000 | 4,000 | 5,581 |
| பிராசசரை 20% ஓவர்கிளாக் | 6,000 | 4,800 | 5,783 |
| கார்டை 10% ஓவர்கிளாக் | 6,600 | 4,000 | 6,014 |
| இரண்டையும் சேர்த்து | 6,600 | 4,800 | 6,249 |
| இரு மடங்கு வேகமான பிராசசர் | 6,000 | 8,000 | 6,234 |
| 30% வேகமான அடுத்த கார்டு | 7,800 | 4,000 | 6,827 |
| அதே கார்டு இரண்டு (80% ஏறினால்) | 10,800 | 4,000 | 8,606 |

ஐந்தாவது வரியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பிராசசரையே தூக்கிவிட்டு இரு மடங்கு வேகமானதை வாங்கிப் போட்டாலும் 6,234. காசு செலவழிக்காமல் இருப்பதையே கொஞ்சம் ஏற்றினால் 6,249. இதைப் பார்த்த பிறகுதான் பையன் பிராசசர் பேச்சை விட்டான்.

பிராசசரைக் கண்டுகொள்ளவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கார்டு 10,000, பிராசசர் வெறும் 2,500 என்று ஒரு கம்ப்யூட்டர் வந்தால் மொத்தம் 6,897தான். அங்கே பிராசசரை 5,000க்கு மாற்றினால் 8,696. பெரிய கார்டை வைத்துக்கொண்டு ஸ்கோர் ஏறவில்லையே என்று தவிக்கிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது.

## வழி 1: ஓவர்கிளாக் இல்லாமல் அடுத்த கார்டு

நிம்மதியான வழி. பெட்டியைத் திற, பழைய கார்டைக் கழற்று, புதியதைச் செருகு, பவர் கேபிள் மாட்டு, சோதனையை ஓடவிடு. ஒரே தடவையில் முடியும்.

ஆட்டத்தில் பார்ட் ரேங்கிங் என்று ஒரு செயலி இருக்கிறது. கார்டுகளையும் பிராசசர்களையும் ஸ்கோர் வரிசைப்படி காட்டும். அதைத் திறந்து, இப்போதுள்ள கார்டுக்கு மேலே இருப்பவற்றில் விலை எங்கே குறைவாக ஏறி ஸ்கோர் எங்கே அதிகமாக ஏறுகிறது என்று பாருங்கள். ஒரே சிப்பை வைத்துப் பல நிறுவனங்கள் செய்த கார்டுகள் இருக்கும். விளக்கு மின்னுகிற, மூன்று விசிறி வைத்த வகைக்குக் கூடுதல் விலை கொடுத்தால் கிடைக்கும் புள்ளி சொற்பம். பட்ஜெட் வேலையில் அந்த சிப்பின் ஆக மலிவான கார்டே போதும்.

கூட வரும் செலவு பவர் சப்ளை. பெரிய கார்டு அதிக வாட் கேட்கும். பழைய பவர் சப்ளை போதவில்லை என்றால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். கேஸுக்குள் கார்டின் நீளம் அடங்குமா என்பதையும் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

ஸ்கோர் இலக்கைத் தொட 10 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும் என்றால் இந்த வழிதான். அதற்கு மேல் ஓவர்கிளாக்கை நம்பி உட்கார்ந்தால் நேரம்தான் போகும்.

## வழி 2: இருக்கிற கார்டை ஓவர்கிளாக் செய்வது

என்னைக் கேட்டால், 120 டாலர் மட்டும் கையில் இருக்கும்போது முதலில் தொட வேண்டியது இதைத்தான்.

கிராபிக்ஸ் கார்டை ஏற்ற வேறு மதர்போர்டு வேண்டாம், வேறு கூலர் வேண்டாம். ஜிபியு டியூனர் என்ற செயலியை அந்தக் கம்ப்யூட்டரில் நிறுவினால் போதும். கார்டின் சிப்பான கோரின் வேகத்துக்கு இழுத்து ஏற்றும் ஒரு கோடு, மெமரி வேகத்துக்கு ஒரு கோடு.

பையன் செய்த தவறு, இரண்டையும் ஒரே நேரத்தில் வலதுபக்கம் இழுத்துவிட்டது. சோதனை பாதியில் நின்றது. எது தாங்கவில்லை என்று அவனுக்குத் தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். மெமரியைத் தொடாதே, கோரை மட்டும் 25 மெகாஹெர்ட்ஸ் 25 மெகாஹெர்ட்ஸாக ஏற்று. ஒவ்வொரு தடவையும் சோதனை ஓடட்டும். நின்றால் ஒரு படி இறங்கு, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள். அப்புறம் மெமரிக்கு வா. இப்படிச் செய்தால் எந்தக் கார்டு எவ்வளவு தாங்கும் என்ற பட்டியல் உங்கள் கையில் சேரும். அடுத்த வாடிக்கையாளர் அதே கார்டோடு வரும்போது ஐந்து நிமிட வேலை.

இதற்கு ஆகும் செலவு நேரம் மட்டும்தான். பாகம் ஆர்டர் செய்து காத்திருக்க வேண்டாம் என்பதால் ஆட்டத்தின் நாள் கணக்கில் பார்த்தால் இது சீக்கிரமும்கூட.

## வழி 3: பிராசசரை ஓவர்கிளாக் செய்வது

இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஆசை காட்டும் வழி இது, செலவை மறைக்கும் வழியும் இதுவே.

எல்லாப் பிராசசரும் ஏறாது. இன்டெலில் பெயரின் கடைசியில் கே என்ற எழுத்து வர வேண்டும். மதர்போர்டும் ஓவர்கிளாக்கை அனுமதிப்பதாக இருக்க வேண்டும். ஆட்டத்தில் வாங்கும் முன் இரண்டு பாகங்களின் விவரங்களையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

நிஜ விலையை வைத்து ஓர் உதாரணம். 2017 அக்டோபரில் வெளிவந்தபோது இன்டெல் ஐ5-8400 சிப்பின் பட்டியல் விலை 182 டாலர், ஐ5-8600கே 257 டாலர். சிப்பிலேயே 75 டாலர் வித்தியாசம். 8400 பெட்டிக்குள் ஒரு கூலர் இருக்கும். 8600கே பெட்டியில் இருக்காது, தனியாக வாங்க வேண்டும். ஓவர்கிளாக் செய்ய இசட் வரிசை போர்டு வேண்டும், அது பி வரிசையைவிட விலை கூட. இப்போது கார்டு பக்கம் பாருங்கள். 2016-ல் வெளிவந்தபோது ஜிடிஎக்ஸ் 1060-ன் 6 ஜிபி வகை 249 டாலர், ஜிடிஎக்ஸ் 1070 379 டாலர். வித்தியாசம் 130. சிப்புக்கு 75, கூலருக்குக் கொஞ்சம், போர்டுக்குக் கொஞ்சம் என்று போட்டால் அந்த 130-ஐக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுவீர்கள். மேலே உள்ள அட்டவணையில் பிராசசர் 20 சதவீதம் ஏறினால் கிடைப்பது 202 புள்ளி. அடுத்த கார்டு தருவது ஆயிரத்துக்கும் மேல்.

அதனால் பிராசசர் ஓவர்கிளாக்குக்காகவே புதிதாக எதையும் வாங்காதீர்கள். வாடிக்கையாளர் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கே சிப்பும் இசட் போர்டும் நல்ல கூலரும் இருந்தால் மட்டும், கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். அங்கே பிராசசர் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கி எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். கம்ப்யூட்டர் திறக்கும்போது நீலத் திரை வந்தால்தான் வோல்டேஜில் கை வைக்க வேண்டும், அதையும் கடுகளவு.

வோல்டேஜில் ஏன் இவ்வளவு கவனம்? சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு வர்க்கமாக ஏறும். 1.20-லிருந்து 1.30 வோல்ட்டுக்குப் போய், வேகத்தையும் 10 சதவீதம் ஏற்றினால், சூடு ஏறத்தாழ 29 சதவீதம் கூடும். 10 சதவீத வேகத்துக்கு 29 சதவீதச் சூடு. அதைத் தாங்கும் கூலருக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## இடையில் ரேம்

ஆட்டத்தில் ரேம் எத்தனை ஜிபி என்பது ஸ்கோரை நகர்த்தாது. எவ்வளவு வேகம், தனியா ஜோடியா என்பவைதான் பிராசசர் ஸ்கோரில் சேரும். ஒரு 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போடுங்கள், விலை பெரிதாக மாறாது. நிஜத்திலும் இதே பழக்கம் நல்லது. கடைக்கு வரும் கம்ப்யூட்டர்களில் வேகமான ரேமை வாங்கிப் போட்டுவிட்டு பயாஸில் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பை, திறக்காமல் வருடக்கணக்கில் 2133 என்ற அடிப்படை வேகத்திலேயே ஓட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

## வழி 4: அதே கார்டு இரண்டு

புள்ளி அள்ளித் தரும் வழி. மேலே 80 சதவீதம் என்று போட்டது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட அளவு. அதற்குக் கொஞ்சம் குறைந்தாலும் மற்ற எல்லா வழியையும் தாண்டிவிடும். பெரிய இலக்கும், ஏற்கெனவே உள்ளே ஒரு நல்ல கார்டும் இருந்தால், அதன் ஜோடியை வாங்குவது புதிய பெரிய கார்டு வாங்குவதைவிட மலிவாக முடியலாம்.

ஆனால் சரிபார்க்க வேண்டியவை நிறைய. இரண்டு கார்டைச் சேர்த்து ஓட்டும் வசதிக்கு என்விடியாவில் எஸ்எல்ஐ, ஏஎம்டியில் கிராஸ்ஃபயர் என்று பெயர். மதர்போர்டு அதை ஏற்க வேண்டும். கார்டும் ஏற்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1060-ல் எஸ்எல்ஐ கிடையாது, 1070-ல் உண்டு. ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 570, 580 கிராஸ்ஃபயரில் சேரும். அதனால் பட்ஜெட் வேலையில் இந்த வழி ஏஎம்டிக்குத்தான் கைகொடுக்கும். இரண்டு கார்டுக்கும் சேர்த்துப் பவர் சப்ளை வேண்டும், கேஸில் காற்றோட்டம் வேண்டும்.

நிஜத்துக்கு இதைக் கொண்டுவந்துவிடாதீர்கள். என்விடியா 2021 ஜனவரியோடு புது எஸ்எல்ஐ டிரைவர் அமைப்புகள் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. 30 வரிசையில் 3090, 3090 டிஐ இரண்டில் மட்டும் இணைப்பு வசதி இருந்தது. 40 வரிசையில் அதுவும் இல்லை.

## வழி 5: பழையதைப் பிரித்து எடுப்பது

ஆட்டத்தில் பிசிபே என்ற ஏலத்தில் பழுதான கம்ப்யூட்டர்களை வாங்கலாம். சரிசெய்து விற்கலாம், பிரித்துப் பாகமாகவும் வைத்துக்கொள்ளலாம். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்த பிறகு இது நல்ல வழி. அலமாரியில் நாலைந்து கார்டு இருந்தால் அவசர வேலைக்கு அனுப்புக் கட்டணம் மிச்சம். நாளை தர வேண்டிய ஒரு வேலைக்காக இன்று ஏலத்துக்குப் போகாதீர்கள். எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே நேரம் போய்விடும்.

## எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

பட்ஜெட் நெருக்கினால் கேஸில் குறைக்கலாம், விளக்குகளை மறக்கலாம், ஸ்டோரேஜில் சின்னதாகப் போகலாம். ஸ்கோருக்கு இவை எதுவும் தேவையில்லை. பவர் சப்ளையில் மட்டும் கை வைக்காதீர்கள். ஆட்டத்தில் அது வாட் கணக்கு மட்டும்தான், நிஜத்தில் அப்படி இல்லை. போன வருடம் ஓர் அம்மா தன் மகனுடைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மேலே கண்ணாடி, உள்ளே ஏழு வண்ண விசிறி. அடியில் இருந்த பவர் சப்ளையைக் கையில் எடுத்தேன், ரொட்டி டப்பா மாதிரி கனமே இல்லை. கரிந்த வாடை அடித்தது. அதோடு மதர்போர்டும் போயிருந்தது. மகனின் பிறந்தநாளுக்காகச் சேர்த்த காசு என்றார். விளக்குக்குக் கொடுத்ததில் பாதியை அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

## பினாங்கு வெயிலில் ஓவர்கிளாக்

ஆட்டத்தில் இல்லாத செலவு ஒன்று இங்கே இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் ஓவர்கிளாக் எண்களைச் சொல்லும்போது அவர்கள் அறை 21, 22 டிகிரியில் இருக்கும். நம் வீட்டில் மத்தியானம் ஏர்கண்டிஷன் போடாமல் 31. அறை 10 டிகிரி கூடினால் சிப்பும் கிட்டத்தட்ட அதே 10 டிகிரி கூடுதலாகச் சூடாகும். அவர்களுக்கு 75-ல் நிற்பது நமக்கு 85. ஏர்கண்டிஷன் போட்டுத்தான் ஆட முடியும் என்றால் அந்த மின்கட்டணமும் ஓவர்கிளாக்கின் செலவுதான். கூடவே உத்தரவாதம் கேள்விக்குறியாகும். ஒரே மாடல் சிப் இரண்டை எடுத்தால் ஒன்று ஏறும், ஒன்று ஏறாது.

அதனால் நிஜக் கம்ப்யூட்டருக்கு என் வரிசை வேறு. முதலில் தூசி தட்டு. பிறகு சிப்புக்கும் கூலருக்கும் இடையில் சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்று. பிறகு எக்ஸ்எம்பி திற. இந்த மூன்றிலேயே நிறைய கம்ப்யூட்டர்கள் புதிதாக மூச்சு விடும். அதற்கும் மேல் வேண்டும் என்றால் காசு சேர்த்துக் கார்டை மாற்று. பிராசசர் ஓவர்கிளாக் கடைசி.

## யாருக்கு எது

மிச்சம் கொஞ்சம், குறை 10 சதவீதத்துக்குள்: கார்டு ஓவர்கிளாக். போதவில்லை என்றால் ரேமை ஜோடியாக்குங்கள்.

குறை அதற்கு மேல், பட்ஜெட்டில் இடம் இருக்கிறது: அடுத்த கார்டு.

கே சிப்பும் இசட் போர்டும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, நூறு இருநூறு புள்ளிதான் குறைகிறது: பிராசசர் ஓவர்கிளாக்.

இலக்கு மிகப் பெரியது, போர்டும் கார்டும் ஏற்கின்றன: இரட்டைக் கார்டு, ஆட்டத்தில் மட்டும்.

பையன் கார்டை 9 சதவீதம் வரை ஏற்றினான். அதற்கு மேல் தாங்கவில்லை. உள்ளே ஒற்றை ரேம் இருந்தது. அதைக் கழற்றி, மிச்சமிருந்த காசில் ஒரு ஜோடி வாங்கிப் போட்டான். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் 6,036 என்று ஒரு படம் வந்தது. உடனே அடுத்த செய்தி: “மாமா, இது நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல பண்ணா என்ன ஆவும்?”

அவன் வீட்டில் இருப்பது பழைய ஐ5. சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு ஃபெர்ரியில் வருகிறேன் என்றிருக்கிறான். வாங்கி நான் கூலரைக் கழற்றப் போவதில்லை, அவனையே கழற்றச் சொல்லப் போகிறேன். காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்தால் சிப்பின் மூடியில் எழுத்துகள் தெரியும், அதில் மலேசியாவில் தயாரானது என்பதைக் குறிக்கும் மலாய் என்ற பெயரும் இருக்கலாம். இன்டெல் பினாங்கில் தொழிற்சாலை வைத்தது 1972-ல். அவன் பாட்டி, என் அம்மா, பாயான் லெப்பாஸில் இதுபோன்ற ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்துத்தான் எங்களை வளர்த்தார். சனிக்கிழமை அவரையும் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.